வெளிநாட்டுச் சுற்றுலா: பெட்டி கட்டும் முன் கவனிக்க வேண்டியவை

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் ஊட்டி, கொடைக்கானல் என்று போய்வந்த நம் குடும்பங்கள் இன்று மலேசியா, சிங்கப்பூர் என்று புறப்படுகின்றன. இது குறை சொல்ல வேண்டிய விஷயமல்ல. பூமியில் பயணம் செய்து அல்லாஹ்வின் படைப்பைப் பார்க்கும்படி குர்ஆன் சொல்கிறது (29:20). ஒரு பயணத்தில் நபி (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப்பந்தயம் ஓடிய செய்தி அபூதாவூதில் உள்ளது. மனைவி மக்களை மகிழ்விப்பதும் மார்க்கத்தில் உள்ளதுதான்.

ஆனால் டிக்கெட், ஹோட்டல், உடை என்று இரண்டு மாதம் திட்டமிடும் நாம், அடியார்களின் ஹக்கையும் அல்லாஹ்வின் ஹக்கையும் அந்தப் பட்டியலில் எழுத மறந்துவிடுகிறோம். அவற்றையும் சேர்த்து எழுதினால்தான் தயாரிப்பு முழுமையாகும்.

கடன், அமானிதம், வஸிய்யத்

தவணை கடந்த கடனை வைத்துக்கொண்டு, கடன் கொடுத்தவரின் அனுமதியின்றிச் சுற்றுலா செல்வது முறையல்ல. ஷஹீதுக்குக்கூட கடன் மன்னிக்கப்படுவதில்லை என்ற ஹதீஸ் முஸ்லிமில் உள்ளது. சுற்றுலாவுக்காகவே வட்டிக்குக் கடன் வாங்குவதும், நகையை வட்டிக்கு அடகு வைப்பதும் ஹராமைக் கொண்டு மகிழ்ச்சியை வாங்குவதாகும். கையில் பணம் சேரும் வரை பொறுத்திருக்கலாம். அல்லது உள்ளூரிலேயே ஓர் இடத்துக்குப் போய்வரலாம்.

தர வேண்டியது, வர வேண்டியது, நம்மிடம் உள்ள பிறர் பொருள் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி நம்பகமான ஒருவரிடம் கொடுங்கள். வஸிய்யத் செய்ய வேண்டிய ஒன்று இருந்தால், அதை எழுதி வைக்காமல் இரண்டு இரவுகள்கூடக் கழிக்கக் கூடாது என்பது புகாரியில் உள்ள நபிமொழியின் கருத்து. பயணத்தின்போது ஜகாத் ஆண்டு நிறைவடையுமானால், கணக்கை முன்கூட்டியே முடித்து வைப்பது நல்லது.

வீட்டில் இருப்பவர்கள்

பலர் வயதான வாப்பா, உம்மாவை வீட்டில் விட்டுவிட்டே செல்கிறார்கள். தன் பொறுப்பில் உள்ளவர்களைக் கைவிடுவதே ஒருவருக்குப் பாவத்தால் போதுமானது என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள் (அபூதாவூத்). உம்மாவின் மாத்திரை எத்தனை நாளைக்கு இருக்கிறது, இரவில் துணைக்கு யார், அவசரத்துக்கு யாரை அழைப்பது, கைச்செலவுக்கு என்ன ஏற்பாடு ஆகிய நான்கு கேள்விகளுக்கும் பதில் கிடைத்த பிறகு டிக்கெட் எடுங்கள். அவர்களின் மனம் நிறைந்த துஆ நமக்கு வேண்டும்.

ஆவணமும் பெட்டியும்

மலேசியா, சிங்கப்பூர் செல்ல பாஸ்போர்ட்டில் குறைந்தது 6 மாத காலம் மீதமிருக்க வேண்டும். பிள்ளைகளின் பாஸ்போர்ட் பெரும்பாலும் 5 ஆண்டுகளுக்கே செல்லும். பெற்றோர் கவனிக்கத் தவறுவது இதைத்தான். இரு நாடுகளுக்கும் போய்ச் சேரும் முன் 3 நாட்களுக்குள் இணையத்தில் வருகை அட்டை நிரப்ப வேண்டும். அரசுத் தளங்களில் இது இலவசம். பணம் கேட்கும் தளங்களிடம் ஏமாற வேண்டாம்.

குருமாவுக்கு நாம் அரைக்கும் கசகசா சிங்கப்பூரில் தடை செய்யப்பட்ட பொருள். வீட்டு மசாலாப் பொடியில் அது கலந்திருந்தால் கொண்டு செல்லாதீர்கள். வெற்றிலையோடு போடும் புகையிலைக்கும் அங்கே தடை உண்டு. மருந்துகளை டாக்டர் சீட்டுடன் கைப்பையில் வையுங்கள். 100 மில்லிக்கு மேற்பட்ட அத்தர் பாட்டில் கைப்பையில் அனுமதிக்கப்படாது. நகை அதிகம் அணிந்து செல்பவர்கள், புறப்படும்போதே விமான நிலையச் சுங்கத்துறையிடம் ஏற்றுமதிச் சான்றிதழ் பெற்றால் திரும்பும்போது சிக்கல் வராது.

கஸ்ரும் ஜம்உம்

சுமார் 80 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணத்தில், சொந்த ஊர் எல்லையைக் கடந்த பிறகு நான்கு ரக்அத் தொழுகைகளை இரண்டாகச் சுருக்கலாம். கீழக்கரையிலிருந்து சென்னை வந்து விமானம் ஏறுபவர் சென்னையிலேயே முஸாஃபிர். சென்னைவாசிக்கு மீனம்பாக்கம் அவருடைய ஊருக்குள்ளேயே இருப்பதால் அங்கு கஸ்ர் இல்லை. சுப்ஹுக்கும் மக்ரிபுக்கும் கஸ்ர் கிடையாது.

ஷாஃபிஈ மத்ஹபில், சேரும் நாளும் கிளம்பும் நாளும் போக ஓர் ஊரில் 4 முழு நாட்கள் தங்க நிய்யத் வைத்தால் கஸ்ர் இல்லை. ஹனஃபி மத்ஹபில் 15 நாட்கள் தங்க நிய்யத் வைத்தால்தான் கஸ்ர் நீங்கும். கோலாலம்பூரில் உறவினர் வீட்டில் 10 நாட்கள் தங்கும் ஷாஃபிஈ முழுமையாகத் தொழுவார். ஹனஃபி சுருக்கித் தொழுவார். உள்ளூர் இமாமைப் பின்பற்றினால் இருவரும் முழுமையாகவே தொழ வேண்டும்.

லுஹரையும் அஸரையும், மக்ரிபையும் இஷாவையும் சேர்த்துத் தொழ ஷாஃபிஈ மத்ஹபில் அனுமதி உண்டு. ஹனஃபிகள் ஒவ்வொன்றையும் அதன் நேரத்திலேயே தொழுவார்கள்.

தவறிப்போகும் சுப்ஹு

மலேசிய நேரம் நம் நேரத்தைவிட இரண்டரை மணி நேரம் முந்தியது. சென்னையில் நள்ளிரவு 12 மணிக்கு ஏறினால், சுமார் 4 மணி நேரப் பயணத்துக்குப் பின் அங்கே காலை ஆறரைக்கு இறங்குவோம். சூரியன் உதிப்பது 7 மணியை ஒட்டி. குடியேற்ற வரிசையில் நிற்கும்போதே சுப்ஹு போய்விடும். எனவே விமானத்திலேயே தொழத் தயாராக இருங்கள். ஏறும் முன் அனைவரும் உளூ செய்துகொள்ளுங்கள். இடம் கிடைத்தால் கிப்லாவை நோக்கி நின்று தொழுங்கள். அது இயலாதபோது இயன்றபடி தொழுது, இறங்கியபின் அதை மீட்டிக்கொள்வதே பேணுதல். சுற்றுலாவின் முதல் நாளே சுப்ஹை விட்டால், மற்ற நாட்களும் அப்படியே கழியும் என்று பிள்ளைகள் எண்ணிவிடுவார்கள்.

உணவும் பள்ளிவாசலும்

மலேசியாவில் ஜாகிம், சிங்கப்பூரில் மூயிஸ் அமைப்பின் ஹலால் முத்திரையைப் பாருங்கள். 'பன்றி இறைச்சி இல்லை' என்ற பலகை ஹலாலுக்குச் சான்றாகாது. கோழியோ ஆடோ எப்படி அறுக்கப்பட்டது என்பதை அது சொல்லாது. விமானத்தில் முஸ்லிம் உணவு வேண்டுமானால் முன்கூட்டியே பதிவு செய்யுங்கள்.

வணிக வளாகங்களோடு பழைய பள்ளிவாசல்களையும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். சிங்கப்பூர் சவுத் பிரிட்ஜ் சாலையில் உள்ள ஜாமிஆ சூலியா பள்ளி, 1826-இல் நம் தமிழ் முஸ்லிம் முன்னோர் நிறுவியது. பிழைக்கப் போன இடத்திலும் அவர்கள் ஸஜ்தாவுக்கு இடம் தேடினார்கள் என்பதைப் பிள்ளைகள் கண்ணால் காணட்டும்.

திரும்பும்போது

வந்த காரியம் முடிந்ததும் குடும்பத்தாரிடம் விரைந்து திரும்புவது நபிவழி (புகாரி). ஊர் வந்ததும் பள்ளியில் இரண்டு ரக்அத் தொழுவது சுன்னத். வசதியற்ற உறவினரின் மனம் நோகும்படி படங்களைக் காட்டிப் பெருமை பேசாமல், அவர்கள் வீட்டுக்கு ஒரு சிறு அன்பளிப்போடு செல்லுங்கள்.

நம் பயணங்களை அல்லாஹ் பாதுகாப்பானதாகவும் பரக்கத்தானதாகவும் ஆக்குவானாக, ஆமீன்.