தொழிற்சாலைகளுக்கான சுற்றுச்சூழல் முன் அனுமதி: சட்ட வரலாறும் மக்கள் மொழியும்

முன்னுரை

புதிய தொழிற்சாலை ஒன்றை நிறுவ விழைவோர் கட்டுமானத்தைத் தொடங்குமுன் சுற்றுச்சூழல் அனுமதி பெறுதல் வேண்டும் என்பது இன்று பலரும் அறிந்த நடைமுறையாகும். ஆயின் இந்தியாவில் இது சட்டக் கட்டாயமானது 1994ஆம் ஆண்டில்தான். இவ்வனுமதியின் வரலாறு பெரும்பாலும் சட்ட வரலாறாகவே நோக்கப்படுகிறது. அதனுள் ஒரு மொழி வரலாறும் அடங்கியுள்ளது என்பதை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தொடக்கக் காலம்

1972இல் ஸ்டாக்ஹோமில் நடைபெற்ற ஐக்கிய நாடுகளின் மனிதச் சுற்றுச்சூழல் மாநாட்டில் பிரதமர் இந்திரா காந்தி கலந்துகொண்டார். 1976இல் இயற்றப்பட்ட 42ஆம் அரசியலமைப்புத் திருத்தம், சுற்றுச்சூழலைக் காப்பதை அரசின் நெறியாகவும் குடிமக்களின் கடமையாகவும் வகுத்தது. ஆற்றுப் பள்ளத்தாக்குத் திட்டங்களைச் சூழலியல் நோக்கில் ஆராயும் வழக்கம் 1970களின் பிற்பகுதியில் தோன்றியது. எனினும் அது நிருவாக ஏற்பாடாக இருந்ததேயன்றிச் சட்ட வலிமை பெற்றிருக்கவில்லை.

இக்காலத்தில் கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கில் எழுந்த போராட்டம் தனிக் கவனத்திற்குரியது. 1973இல் திட்டக் குழுவின் ஒப்புதலைப் பெற்ற அந்நீர்மின் திட்டம் 1983இல் கைவிடப்பட்டது. மறு ஆண்டில் அக்காடு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. இப்போராட்டத்தில் முன்நின்ற கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத், அறிவியலை மலையாளத்தில் மக்களிடம் கொண்டு செல்வதற்கென்று 1962இல் தோன்றிய அமைப்பாகும். சூழல் பற்றிய அறிவு தாய்மொழியில் கிடைக்கும்போதே அது பொது விவாதமாக மலரும் என்பதற்கு இது சான்றாகிறது.

1984 டிசம்பரில் போபாலில் நிகழ்ந்த நச்சுவாயுக் கசிவு ஆயிரக்கணக்கானோரின் உயிரைக் கொண்டது. ஆலையில் எவ்வகை நச்சுப்பொருள் சேமிக்கப்பட்டிருந்தது என்பதை அதனைச் சூழ வாழ்ந்தோர் அறிந்திருக்கவில்லை. இப்பேரழிவைத் தொடர்ந்து 1986இல் சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) சட்டம் இயற்றப்பட்டது.

கருத்துக் கேட்பின் வளர்ச்சி

மேற்குறித்த சட்டத்தின்கீழ் 27 ஜனவரி 1994 அன்று வெளியான அறிவிக்கை, 29 வகைத் திட்டங்களுக்குச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டையும் முன் அனுமதியையும் கட்டாயமாக்கியது. அனுமதி கிடைக்கும்வரை முதற்கட்டப் பணிகள் உட்பட எக்கட்டுமானமும் கூடாதென அது விதித்தது. எனினும் மக்களின் கருத்தைக் கேட்பது மதிப்பீட்டு அமைப்பு விரும்பினால் மட்டுமே என்ற நிலையே இருந்தது.

10 ஏப்ரல் 1997 அன்று வெளியான திருத்தம் கருத்துக் கேட்பைக் கட்டாயமாக்கியது. திட்டச் சுருக்கம் ஆங்கிலத்தோடு வட்டார மொழியிலும் அமைதல் வேண்டும் என்றும், அறிவிப்பு வட்டார மொழி நாளிதழிலும் வெளிவருதல் வேண்டும் என்றும் அது கூறிற்று. மக்கள் மொழி இந்நடைமுறையில் உறுதியான இடம் பெறுவது இங்கேதான் எனலாம்.

14 செப்டம்பர் 2006 நாளிட்ட அறிவிக்கை, திட்டங்களை ‘அ’, ‘ஆ’ எனப் பொருள்படும் இரு பெரும் பிரிவுகளாக வகுத்து, முன்னதை மைய அரசும் பின்னதை மாநில அளவிலான ஆணையமும் பரிசீலிக்குமாறு செய்தது. மாவட்ட ஆட்சியரோ அவர்தம் சார்பாளரோ கூட்டத்திற்குத் தலைமை தாங்க வேண்டும்; நிகழ்வு முழுவதும் காணொளியில் பதிவு செய்யப்பட வேண்டும்; கூட்ட இறுதியில் நடவடிக்கைக் குறிப்பு வட்டார மொழியில் விளக்கப்பட வேண்டும் என அது விதித்தது. ஆயினும் வட்டார மொழியில் கட்டாயமாக்கப்பட்டது அறிக்கையின் சுருக்கம் மட்டுமே. நீர்த்தேவை, கழிவின் அளவு, மாற்று இடங்கள் பற்றிய ஆய்வு முதலியவற்றை விரிவாகத் தரும் முழு அறிக்கைக்கு இக்கட்டாயம் இல்லை. ஆகவே நிலத்தை இழக்கவிருக்கும் உழவர் சுருக்கத்தைப் படித்துவிட்டு, முழு அறிக்கையைப் படித்த வல்லுநரோடு வாதிட வேண்டியவராகிறார்.

2020ஆம் ஆண்டும் பின்னரும்

23 மார்ச் 2020 நாளிட்ட புதிய வரைவு அறிவிக்கை மொழிச் சிக்கலைத் தேசிய அளவிற்கு உயர்த்தியது. அவ்வரைவை அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையிலுள்ள 22 மொழிகளிலும் மொழிபெயர்க்குமாறு தில்லி உயர் நீதிமன்றம் 30 ஜூன் 2020 அன்று ஆணையிட்டது. கருத்துத் தெரிவிப்பதற்கான காலத்தையும் 11 ஆகஸ்ட் வரை நீட்டித்தது. இவ்வாணையை எதிர்த்து மைய அரசு உச்ச நீதிமன்றத்தை அணுகியது.

‘முன்’ என்னும் சொல்லும் இக்காலத்தில் வழக்கிற்குள்ளானது. கட்டிமுடித்த பின் அனுமதி வழங்குவது 1994 அறிவிக்கைக்கு முரணானது என 1 ஏப்ரல் 2020 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இத்தகைய பின் அனுமதிக்கு வழிசெய்த 2017, 2021ஆம் ஆண்டு ஆணைகளை 2025 மே மாதத்தில் அந்நீதிமன்றம் செல்லாதனவாக்கியது. ஆயின் அதே ஆண்டு நவம்பரில் மூவர் அமர்வு பெரும்பான்மையாக அத்தீர்ப்பைத் திரும்பப் பெற்று, வழக்கை மறு விசாரணைக்கு அனுப்பியது.

முடிவுரை

மேற்கண்டவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, முன் அனுமதி என்பது காலவரிசை பற்றிய விதி மட்டுமன்று என்பது புலனாகிறது. கட்டடம் எழுமுன் அனுமதி வேண்டும். அனுமதிக்கு முன் கருத்துக் கேட்பு வேண்டும். கருத்துக் கேட்புக்கு முன் மக்களுக்குப் புரியும் மொழியில் முழுச் செய்தியும் வேண்டும். முதல் இரண்டும் சட்டத்தில் இடம்பெற்றுள்ளன. மூன்றாவது சுருக்க அளவில் நிற்கிறது. தமிழில் கேட்டல் என்பது வினவுதலையும் செவிமடுத்தலையும் ஒருங்கே குறிக்கும் சொல். இவ்விரண்டும் நிகழ வேண்டுமாயின் அறிவியல், சட்ட அறிக்கைகளைத் தெளிந்த தமிழில் தரும் பணி இன்றியமையாதது. கலைச்சொல்லாக்கத்திலும் மொழிபெயர்ப்பிலும் ஈடுபட்டுள்ள தமிழ்த்துறைகள் இதனைத் தம் பணிகளுள் ஒன்றாகக் கொள்ளுதல் தகும்.