புரட்டிப் போட்ட மருத்துவம்

கழுத்தெலும்பு நொறுங்கிக் கைகால் செயலிழந்தவருக்குச் சிகிச்சை வேண்டாம் என்கிறது பண்டை எகிப்தின் மருத்துவச் சுவடி ஒன்று. முதல் உலகப் போர் வரை அத்தீர்ப்பு பெரிதாக மாறவில்லை; தண்டுவடம் சிதைந்த வீரர்களில் பெரும்பாலோரைப் படுக்கைப் புண்ணும் சிறுநீர்த் தொற்றும் கொன்றன. அதை மாற்றியது மருந்தைவிடப் பராமரிப்பே என்பது என் கட்சி. நாஜி ஜெர்மனியிலிருந்து வெளியேறிய லுட்விக் குட்மன், 1944 பிப்ரவரியில் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் தனிப் பிரிவு தொடங்கினார். இரவும் பகலும் இரண்டு மணி நேரத்துக்கொரு முறை நோயாளியைப் புரட்டிப் படுக்கவைப்பதே அங்கு முதல் விதி. (பாஸ்டனில் டொனால்டு மன்ரோ 1930களிலேயே இவ்வழியில் இறங்கியிருந்தார்.) பென்சிலின் அல்லவா காப்பாற்றியது என்பார்கள். அதற்கும் பங்குண்டு, ஆனால் அழுத்தத்தால் வரும் புண்ணை எந்தக் கிருமிக்கொல்லியும் தடுக்காது.

குட்மன் முறையாக ஒப்பிட்டுச் சோதிக்கவில்லையே என்ற ஆட்சேபம் நியாயமானது. அப்படிச் சோதித்த மருந்தின் கதையும் இருக்கிறது. 1990இல் அமெரிக்காவில் மைக்கேல் பிராக்கன் குழுவினர், அடிபட்ட 8 மணி நேரத்துக்குள் மெத்தில்பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மருந்தைக் கொடுத்தால் பலன் உண்டென்று அறிவித்தார்கள். நோயாளிகள் அனைவரையும் சேர்த்துப் பார்த்தால் அந்தப் பலன் தெளிவாகத் தெரியவில்லை. ஒரு பகுதியினரைத் தனியே பிரித்தபோதே தென்பட்டது. ஆனாலும் உலகெங்கும் மருத்துவர்கள் அதை ஊசியில் ஏற்றினார்கள். 2013இல் அமெரிக்க நரம்பியல் அறுவை மருத்துவர்களின் வழிகாட்டுதல் அதைப் பரிந்துரைக்க மறுத்தது. இரண்டு மணி நேர விதியோ இன்றும் வார்டுகளில் நடைமுறையில் இருக்கிறது.