கச்சிப்பேட்டு அளவைக் கூலியும் காஞ்சிபுரத்து உணவு வரியும்

காஞ்சிபுரம் காந்தி ரோட்டில் பட்டெடுக்க வரும் ஒரு குடும்பம் 400 ரூபாய்க்குச் சாப்பிட்டால் பில்லில் 20 ரூபாய் ஜிஎஸ்டி ஏறும். பத்து ரூபாய் மத்திய அரசுக்கு, பத்து ரூபாய் மாநில அரசுக்கு. குடிநீர், கழிப்பறை, வண்டி நிறுத்த இடம், உட்கார நிழல் என்று அந்தக் குடும்பம் நம்பியிருப்பதோ மாநகராட்சியை. அந்த 20 ரூபாயில் மாநகராட்சியின் பெயரில் நேரடியாக எதுவும் இல்லை. புதிய வரி எதுவும் போடாமல், உணவக வரியின் மாநிலப் பங்கில் ஒரு பகுதியை ஊரின் பூங்காக்களுக்கும் குளக்கரைகளுக்கும் பயணியர் வசதிக்கும் சட்டப்படி ஒதுக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இந்த ஊருக்கு இது புதிதல்ல. சென்னை அருங்காட்சியகத்தில் உள்ள, 10ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த உத்தம சோழன் செப்பேடு கச்சிப்பேட்டைப் (அன்றைய காஞ்சிபுரத்தைப்) பற்றியது. எடை போடுவதற்கான கோல்நிறைக் கூலியும் முகந்து அளப்பதற்கான காலளவுக் கூலியும் ஊரகத்துத் திருமால் கோயிலுக்கு, அதாவது இன்றைய உலகளந்த பெருமாள் கோயிலுக்கு, உரியவை என்று அது உறுதிசெய்கிறது. கூலி எங்கே எழுந்ததோ அங்கேயே செலவாயிற்று. அதைவிட முக்கியம், அறக்கட்டளைகளை மேற்பார்க்கும் பொறுப்பு நகரின் நான்கு சேரிகளில் (குடியிருப்புப் பகுதிகளில்) வாழ்ந்த பட்டசாலிகள் என்னும் நெசவாளரிடம் தரப்பட்டது. அருகிலுள்ள உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலக் கல்வெட்டுகள் ஏரி வாரியத்தோடு தோட்ட வாரியத்தையும் குறிக்கின்றன. குறிப்பிட்ட வருவாய், குறிப்பிட்ட செலவு, உள்ளூர்ப் பொறுப்பாளர் என்ற மூன்றும் ஒன்றாக நின்ற ஏற்பாடு அது.

இன்று அவை பிரிந்து கிடக்கின்றன. 1992இன் 74ஆம் திருத்தம் கொண்டுவந்த பன்னிரண்டாம் அட்டவணை பூங்காக்களை நகராட்சிப் பணிகளில் சேர்த்தது. 2016இன் 101ஆம் திருத்தம் நுழைவு வரி, விளம்பர வரி ஆகியவற்றை மாநிலப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு, கேளிக்கை வரியை மட்டும் உள்ளாட்சிகள் வசூலிக்கும் அளவுக்கு விட்டுவைத்தது. உணவகங்களுக்கான 5 விழுக்காடு வரி 2017 நவம்பர் 15 முதல் நடப்பில் உள்ளது. மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் 10 விழுக்காடு உள்ளாட்சிகளுக்குப் பகிரப்படுகிறதே என்பார்கள். அந்தப் பகிர்வின் முதன்மை அளவுகோல் மக்கள்தொகை. ஊரில் குடியிருப்பவர் அதில் எண்ணப்படுகிறார்; வந்து போகிறவர் எண்ணப்படுவதில்லை. 2019இல் வரதராஜப் பெருமாள் கோயிலில் அத்திவரதர் 48 நாள் எழுந்தருளியபோது ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் வந்ததாகக் கணக்கிடப்பட்டது. அவர்கள் சாப்பிட்டதும் வரி கட்டியதும் இங்கேதான், குப்பை சேர்ந்ததும் இங்கேதான்.

திட்ட நிதி இப்படியான நிலையான ஒதுக்கீட்டுக்கு மாற்றாகாது. பாரம்பரிய நகரங்களுக்காக மத்திய அரசு 2015இல் தொடங்கிய ஹ்ருதய் திட்டத்தின் 12 நகரங்களில் காஞ்சிபுரமும் ஒன்று. 2019இல் அத்திட்டம் முடிந்தது. கட்டிய நடைபாதையைக் கூட்டுவதற்கும் நட்ட மரத்துக்குத் தண்ணீர் ஊற்றுவதற்கும் ஆண்டுதோறும் பணம் வேண்டும்.

உணவு வரியைப் பூங்காவுக்கு ஒதுக்கும் ஊர் வெளிநாட்டிலும் உண்டு. அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்து ஃபேயட்வில் நகரம் உணவகம், விடுதிகள் மீது 2 விழுக்காடு வரி வாங்கி, பாதியைப் பூங்காக்களுக்கும் பாதியைச் சுற்றுலாவுக்கும் தருகிறது. அதை அப்படியே இங்கே கொண்டுவர நான் சொல்லவில்லை. மேல்வரி போட்டால் அதைப் பயணி மட்டும் சுமக்க மாட்டார். பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரரும் சுமப்பார். மந்தாரை இலை விரித்த மூங்கில் குடலையில், மிளகும் சீரகமும் சுக்கும் நெய்யும் சேர்த்த மாவை ஊற்றி அவிக்கும் குடலை இட்லி வரதர் கோயில் பிரசாதம். இந்த ஊர் உணவகங்களுக்குப் பெயர் சேர்த்ததில் அதற்கும் பங்குண்டு. ஊர் உண்டாக்கிய அந்தப் பெயருக்கு ஊர்க்காரரே கூடுதலாகக் கட்டுவது நியாயமில்லை. அதனால்தான் மாநிலப் பங்கிலிருந்து கேட்கிறேன்.

வழி சட்டத்திலேயே இருக்கிறது. மாநிலம் வசூலிக்கும் வரியை நகராட்சிக்கு ஒதுக்கலாம் என்கிறது அரசியலமைப்பின் 243எக்ஸ் பிரிவு. சொத்துப் பரிமாற்றத்தில் முத்திரைத் தீர்வையோடு வாங்கும் மேல்வரி உள்ளாட்சிக்குப் போவது இதே வகைதான். ஒதுக்கும் பணத்தை எங்கே செலவிடுவது என்பதில் நெசவாளருக்கு வாக்கு இருக்க வேண்டும். தெருவில் பாவு நீட்டுகிறவருக்கு மரநிழல் அலங்காரமல்ல, தொழிலிடம். பயணிகள் பார்க்கும் முகப்புகளிலேயே பணம் நின்றுவிட்டால் அவர் தெருவுக்கு எதுவும் வராது.

நடைமுறைச் சிக்கல் ஒன்று உண்டு. ஜிஎஸ்டி பதிவு மாநில அளவிலானது. சென்னையிலும் காஞ்சிபுரத்திலும் கிளை வைத்திருக்கும் உணவகம் ஒரே பதிவில் ஒரே கணக்கைத் தாக்கல் செய்யலாம். ஊர்வாரி விற்பனை அதில் தெரியாது. ஸ்விகி, சொமேட்டோ வழியாகப் போகும் உணவுக்கு 2022 முதல் அந்த நிறுவனங்களே வரி கட்டுகின்றன. ஆகவே கிளைவாரி விற்பனையைத் தனியே காட்டும் ஒரு படிவத்தை மாநில வணிகவரித் துறை முதலில் கேட்டுப் பெற வேண்டும். பங்கு எத்தனை விழுக்காடு என்பதை அந்தக் கணக்கு கைக்கு வந்த பிறகே முடிவு செய்ய முடியும்.