ஓடுகிற மெஷினில் சொருகிய கதை



நம் கம்ப்யூட்டர் லேபில் அந்நாளில் ஒரே சட்டம்: அணைத்துவிட்டுச் சொருகு. 1999-ல் கீபோர்டு வயரை மெஷின் ஓடும்போதே பிடுங்கிச் சொருகினேன், போர்டு போயிற்று. லேப் சார் திட்டவில்லை. "ஏம்ப்பா, மில்லுல இழை அறுந்தா ஃபிரேமை நிறுத்தியா ஒட்டுறாங்க? கம்ப்யூட்டருக்கு அந்தப் பக்குவம் இன்னும் வரலைடா" என்றார். 1936-ல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா மில் தொடங்கிய ராஜபாளையத்துப் பையனுக்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை.

அந்தப் பக்குவம் லேசில் வரவில்லை. 1996-ல் யூ.எஸ்.பி. வந்தது. 1998 ஏப்ரலில் சிகாகோ கண்காட்சி மேடையில், பில் கேட்ஸ் பக்கத்தில் நிற்க, ஸ்கேனரைச் சொருகியதும் விண்டோஸ் 98 நீலத்திரை காட்டிப் படுத்துவிட்டது!

லினக்ஸில் 2001 ஜனவரியில் வந்த 2.4 கெர்னல் வேறு வழி பிடித்தது. சொருகிய சாதனம் தன் தயாரிப்பாளர் எண்ணையும் பொருள் எண்ணையும் சொல்லும். கெர்னல் உடனே ஹாட்பிளக் என்ற சிறு நிரலை எழுப்பும். அது எண்ணுக்குப் பொருத்தமான மாட்யூலைத் தேடி ஏற்றும். ஆனால் கெர்னலைக் கட்டும்போது ஹாட்பிளக் கேள்விக்கு நாம் 'வேண்டும்' என்று சொல்லியிருக்க வேண்டும்.

நான் சொல்லவில்லை. 2003-ல் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு சென்டரில் வேலை. மெமரி மிச்சமாகட்டுமே என்று 'வேண்டாம்' போட்டு இரவெல்லாம் கம்பைல் செய்தேன். மறுநாள் ஆடிப்பூரத் தேர். சென்னையிலிருந்து வந்த அண்ணாச்சி ஒருவர் டிஜிட்டல் கேமராவைக் கொடுத்தார். சொருகினேன், அசைவே இல்லை. மாட்யூல் டிஸ்கில் இருக்கிறது, எழுப்ப ஆளில்லை! ஆண்டாள் தேர் நிலைக்கு வந்துவிட்டது, படம் வரவில்லை. "தம்பி, மெஷின் தூங்குதா, நீ தூங்கினியா?" என்றார். கையால் மாட்யூலை ஏற்றிய பிறகே படம் வந்தது.

அதே 2003-ல் கிரெக் குரோ-ஹார்ட்மன் யூடெவ் கொண்டுவந்தார். இருக்கிற சாதனத்துக்கு மட்டும் பெயர், எடுத்தால் பெயரும் போகும் என்றாயிற்று. அதற்கு முன் ரிச்சர்ட் கூச் உழைத்து எழுதிய டெவ்எஃப்எஸ் 2006-ல் நீக்கப்பட்டது. 2012-13-ல் ஹாட்பிளக் கேள்வியையே எடுத்துவிட்டார்கள். இனி எப்போதும் உண்டு. சென்னை சி-டாக் 2007-ல் வெளியிட்ட பாஸ் லினக்ஸ், 2011-ல் தொடங்கிய அரசு இலவச லேப்டாப்பிலும் வந்தது.

தம்பி தங்கைகளே, நீங்கள் பென்டிரைவைச் சொருகுகிறீர்கள், அது திறக்கிறது. மெனுவிலிருந்து கேள்வி போய்விட்டது. விடை தெரிந்தவர்கள் போய்விடக் கூடாது. ஒருமுறையாவது கெர்னலை நீங்களே கட்டிப் பாருங்கள். இழை அறுந்தால்தான் ஒட்டும் கை பழகும்.