பாம்புக்கும் எள்ளுக்கும் என்ன உறவு?

பாம்புக்கும் எள்ளுக்கும் பொதுவாக உள்ளது யாது? இவ்வினாவை ஒரு மாணவனிடம் விடுத்தால், இரண்டும் கறுப்பு என்பான். அன்றேல் வினாவே பிழை என்பான். 15ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தவராகக் கருதப்படும் காளமேகப் புலவரோ இரண்டையும் ஒரே வெண்பாவில் அடக்கிவிட்டார். பாம்பென்று எண்ணிக் கேட்டால் அவ்வெண்பாவின் சொற்கள் யாவும் பாம்புக்குப் பொருந்தும். எள்ளென்று எண்ணிக் கேட்டால் அவையே எள்ளுக்கும் பொருந்தும்.

பாம்பு ஆடி முடிந்ததும் பிடாரனுடைய குடத்தினுட் புகுகின்றது. எள்ளும் செக்கில் ஆடி, எண்ணெயாகிக் குடத்தை அடைகின்றது. ஆடும்போது இரைச்சல் இரண்டுக்கும் உண்டு. குடத்தின் மூடியைத் திறந்தாற் பாம்பு தன் முகத்தைக் காட்டும். எண்ணெயோ குனிந்து பார்ப்பவனுடைய முகத்தைக் காட்டும். இவ்வளவையும் கண்டுகொண்டவனும் ஒரு சொல்லில் இடறுவான். அச்சொல் பிண்ணாக்கு. செக்கிலிருந்து எடுப்பது பிண்ணாக்கு என்பது யாவரும் அறிந்தது. பிளவுபட்ட நாவையுடையது பாம்பு; பிள் என்பதும் நாக்கு என்பதும் புணர்ந்தால் அதுவும் பிண்ணாக்கே.

இதனைச் சிலேடை என்றும் இரட்டுற மொழிதல் என்றும் இலக்கணகாரர் கூறுவர். அணி என்று பெயரிட்டு நூலில் வைத்துவிட்டமையால், இஃது ஒரு விளையாட்டு என்பது மறந்துபோயிற்று. சாதாரண விடுகதையில் விடை மறைந்திருக்கும். காளமேகமோ இன்ன இரண்டு பொருள்கள் என்று பாட்டின் ஈற்றிலே தாமே சொல்லிவிடுகிறார். விடையைக் கொடுத்துவிட்டு, அதற்குச் செல்லும் வழியைத் தேடிக்கொள் என்று கேட்பவனிடம் விடுகிறார். விடுகதையைக் காட்டிலும் இது கடினமானது.

பொதுமை காணும் இவ்விளையாட்டு அவர் காலத்திலே தோன்றியதன்று. தொல்காப்பியம் செய்யுளியலில் விடுகதையைப் பிசி என்ற பெயரால் வகுத்து, உவமையோடு பொருந்தி வருவதை அதன் ஒரு வகையாகக் கூறுகின்றது. மலையொன்று பிறைமதியைக் கவ்விக்கொண்டு நடப்பதாகச் சொன்னால், அது கொம்புடைய யானை என்று கேட்பவன் அறிந்துகொள்ள வேண்டும். யாழ்ப்பாணத்திலே நொடி என்று வழங்குவதும் இந்தப் பிசியின் வழி வந்ததே.

12ஆம் நூற்றாண்டினது எனப்படும் தண்டியலங்காரம் வினாவுத்தரம் என வேறொரு வகையைக் கூறுகின்றது. அங்கே காட்டப்பெறும் எடுத்துக்காட்டு அழகானது. பூமகளின் பெயர் என்ன என்பது முதல் வினா, விடை, திரு. போகின்றவனை ஏவுகின்றவன் என்ன சொல்வான் என்பது அடுத்தது, ஏகு என்பான். போர்ச் சரத்துக்குப் பெயர் யாது? அம்பு. அழகுக்குப் பெயர் யாது? அம். இறுதியாக, பிறை சூடிய பெருமான் விரும்பி உறையும் இடம் எது என்று வினா எழுகின்றது. முன்னைய நான்கு விடைகளையும் ஒன்றாகச் சேர்த்துச் சொல்லிப் பார்த்தால், காஞ்சிபுரத்துத் திருவேகம்பம் என்ற விடை தானே வந்து நிற்கின்றது.

வட இந்தியாவிலும் இத்தகைய விளையாட்டு உண்டு. டில்லிச் சுல்தான்களின் அவைக்களத்தை அணிசெய்த அமீர் குஸ்ரு (1253–1325) பெயரால் வழங்கும் 'தோ சுகனே' என்பவற்றில், தொடர்பில்லாத இரு வினாக்களுக்கு விடை ஒன்றே. வீடு ஏன் இருண்டு கிடக்கின்றது, பக்கிரி ஏன் முணுமுணுக்கின்றான் என்று கேட்டால், இந்துஸ்தானியில் ஒரு தொடரே இரண்டுக்கும் விடையாகும்: 'தியா ந தா'. 'தியா' என்பது விளக்குமாகும், கொடுத்தலுமாகும். விளக்கில்லை, பிச்சையும் இடவில்லை. இவற்றை அவரேதாம் பாடினாரா என்பதில் அறிஞர்களுக்கு ஐயமுண்டு. விளையாட்டின் சுவை அதனாற் குறைவதில்லை. ஆனால், தமிழிலே பெயர்த்தவுடன் அந்த முடிச்சு அவிழ்ந்துவிடுகின்றது.

இவற்றுக்கெல்லாம் நடுவர் செவி. ஏட்டுச் சுவடியிற் சொற்களுக்கிடையே வெளிவிடும் வழக்கம் இல்லை. வாய்விட்டுப் படித்தே சொல்லைப் பிரிக்க வேண்டியிருந்தது. பாம்பையும் வாழைப்பழத்தையும் இணைக்கும் பாட்டில், பாம்புக்கு நஞ்சு என்றால் விடம். பழத்துக்கு நஞ்சு என்றால் நைந்து என்பதன் பேச்சு வடிவம். பண்டிதர் நடையை மட்டும் அறிந்தவன் இதிலே தோற்றுவிடுவான். கடைவீதியின் பேச்சைக் கேட்டவனே வெல்வான்.

செவிக்கென்றே அமைந்த வானொலி இவ்விளையாட்டை ஏற்றுக்கொண்டதில் வியப்பில்லை. இரண்டாம் உலகப் போரின் இறுதிக் காலத்தில், இலண்டனில் ஓர் அணியும் நியூயோர்க்கில் ஓர் அணியுமாகக் கடலுக்கப்பாலிருந்து வினாவிடை நிகழ்த்தப்பட்டது. அதன் வழியில் 1947ஆம் ஆண்டு பி. பி. சி. தொடங்கிய 'ரவுண்ட் பிரிட்டன் குவிஸ்', ஒன்றோடொன்று ஒட்டாத பெயர்களைக் கூறி, அவற்றை இணைப்பது எதுவென்று கேட்கும் முறையைத் தனதாக்கிக்கொண்டது. விடையைக் காட்டிலும், விடையைத் தேடி அறிஞர் வாய்விட்டுச் சிந்திப்பதைக் கேட்பதே அதன் இன்பம். 2008இல் அந்நிறுவனத்தின் தொலைக்காட்சியிலும், 2023இல் நியூயோர்க் பத்திரிகையொன்றிலும், பதினாறு சொற்களை நந்நான்காகப் பிரிக்கும் புதிர்கள் இதே தேட்டத்தைத் தொடர்ந்தன.

அவற்றுக்கு ஒரு வசதியுண்டு. பழைய சொல் வழக்கொழிந்தால் மறுநாட் புதிருக்குப் புதிய சொல்லை எடுத்துக்கொள்ளலாம். காளமேகத்தின் பாட்டுக்கு அவ்வசதி இல்லை. வைக்கோலையும் யானையையும் அவர் இணைத்திருக்கிறார். யானை பகைவரை வாரிக் களத்தில் அடிக்கும், கோட்டைக்குள் புகும், போரிலே சிறந்து விளங்கும். நெற்றாளையும் வாரிக் களத்தில் அடிப்பர்; வைக்கோற் புரி நெல்லைச் சுற்றிக் கோட்டையாகும்; எஞ்சிய வைக்கோல் போராகக் குவிந்து பொலியும். உழவர் வீட்டுப் பிள்ளைக்கு இதிலே கண்டுபிடிக்க வேண்டியது அதிகமில்லை, கேட்டவுடன் சிரித்திருப்பான். கோட்டை என்றதும் கொழும்புவாசிக்கு நினைவுவருவது புகையிரத நிலையம். களம் எது, புரி எது, நெற்கோட்டை எது என்று ஒவ்வொன்றாக விளக்கி முடித்தபின், அவன் தலையசைத்து ஒப்புக்கொள்வான், சிரிக்க மாட்டான். இயந்திரங்கள் வயலில் இறங்கி, அறுவடையும் சூடடிப்பும் ஒரே ஓட்டத்தில் முடிகின்ற இடங்களிற் களத்துக்கும் வேலையில்லை.

பிண்ணாக்கின் நிலை அத்துணை மோசமன்று. மாட்டுக்கு அதனை ஊறவைக்கும் வீடுகளில் அச்சொல்லுக்கு உரை வேண்டியதில்லை. அங்கே பாம்பின் பங்கை மட்டும் சொல்லிக்கொடுத்தாற் போதும்.