முதல் வகை நீரிழிவும் நோய் எதிர்ப்புச் செல்களும்

கிருமிகளோடு போராட வேண்டிய வெள்ளையணுக்கள், கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களையே பகையாக எண்ணி அழித்துவிடுவதால் வருவது முதல் வகை நீரிழிவு. ஆனால் சிறு வயதில் சுகர் வந்து மெலிந்துபோகும் எல்லாருக்கும் காரணம் அதுவல்ல. இதை மருத்துவ உலகுக்கு எடுத்துச் சொன்ன ஊர்களில் திருவனந்தபுரமும் ஒன்று.

அங்குள்ள மருத்துவக் கல்லூரியில் பி. ஜே. கீவர்கீஸும் சக மருத்துவர்களும் கணையக்கல் நீரிழிவை நோயாளி நோயாளியாக ஆராய்ந்து பதிவுசெய்தார்கள். 1962-இல் கட்டுரை வந்தது, 1968-இல் கீவர்கீஸின் நூல். சிறு வயதிலிருந்தே விட்டுவிட்டு வயிற்றுவலி, பிறகு எண்ணெய்ப் பசையுள்ள மலம், அதன் பின் நீரிழிவு. எக்ஸ்ரே எடுத்தால் முதுகெலும்பை ஒட்டி, கணையம் கிடக்கும் இடத்தில் வெள்ளை வெள்ளையாகக் கற்கள். சர்க்கரை எவ்வளவு ஏறினாலும் கீட்டோன் நஞ்சேற்றம் அரிது. ஏழைகளின் அன்றாட உணவான மரச்சீனிக் கிழங்கின் சயனைடு மீது நெடுநாள் பழி விழுந்தது, அது நிரூபணமாகவில்லை. பின்னாளில் ஸ்பிங்க்1 என்ற மரபணுவில் மாற்றம் பலரிடம் தென்பட்டது. இந்நோயில் கணையம் முழுவதுமே நைந்துபோகிறது, பீட்டா செல்களும் அதோடு போகின்றன.

முதல் வகையிலோ அழிவு பீட்டா செல்களைக் குறிபார்த்து நடக்கிறது. இறந்த நோயாளிகளின் கணையத்தில், பீட்டா செல்கள் இருக்கும் திட்டுகளில் வெள்ளையணுக்கள் மொய்த்திருந்ததை 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே சிலர் கண்டிருந்தார்கள். 1922-இல் இன்சுலின் வந்ததும் குழந்தைகள் பிழைத்தார்கள். பல ஆண்டு கழித்து இறந்தவர்களின் கணையத்திலோ தாக்குதலின் தடயமே இருக்காது. அந்தப் பழைய கண்டுபிடிப்பு ஏறக்குறைய மறந்தேபோயிற்று. 1965-இல் பெல்ஜியத்தின் வில்லி கெப்ட்ஸ், நோய் தொடங்கிச் சில மாதங்களுக்குள் இறந்த 22 பேரின் கணையங்களைத் தேடிப்பிடித்து நுண்ணோக்கியில் பார்த்தார். 15 பேரிடம் வெள்ளையணுக்கள் திட்டுகளுக்குள் புகுந்திருந்தன. இந்த வரலாற்றின் திருப்புமுனை அந்தப் பொறுமையான வேலைதான்.

1974-இல் லண்டனில் பொட்டாட்சோ, டோனியாக் குழுவினர் நோயாளிகளின் ரத்தத்தில் கணையத் திட்டுகளுக்கு எதிரான ஆன்டிபாடிகளைக் கண்டார்கள். அவை தாக்குதலின் அடையாளங்கள்தாம், கொலையாளிகள் சிடி8 டி செல்கள் என்னும் வெள்ளையணுக்கள். பீட்டா செல்லின் மேற்பரப்பில் இன்சுலின் போன்ற புரதங்களின் துணுக்குகளை அடையாளம் கண்டு, அந்தச் செல்லைத் துளைத்துக் கொல்கின்றன. சிடி4 செல்கள் அவற்றைத் தூண்டிவிடுகின்றன. பக்கத்திலேயே இருக்கும் ஆல்ஃபா செல்கள் பெரும்பாலும் தப்பிவிடுகின்றன. இப்படி எல்லை மீறும் டி செல்களை அடக்கிவைக்கும் நெறிப்படுத்தும் டி செல்கள் பற்றிய கண்டுபிடிப்புகளுக்காகச் சகாகுச்சி, பிரன்கோ, ராம்ஸ்டெல் மூவருக்கும் 2025-இல் நோபல் பரிசு கிடைத்தது.

அறிகுறிகள் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே ஆன்டிபாடிகள் தெரிந்துவிடுகின்றன. அந்தக் கட்டத்திலேயே டி செல்களைத் தணிக்கும் டெப்லிசுமாப் மருந்து, 2019-இல் வெளியான ஆய்வில், நோயை ஏறக்குறைய இரண்டாண்டு தள்ளிப்போட்டது. 2022-இல் அமெரிக்கா அதற்கு அனுமதி தந்தது. கணையக்கல் நோயாளிக்கு இந்த மருந்தால் பயனில்லை. அவருக்கு வேண்டியவை இன்சுலினும் சாப்பாட்டோடு எடுக்கும் செரிமான நொதி மாத்திரைகளும். வலி தாங்க முடியாதபோது கல்லை அகற்றும் அறுவை சிகிச்சை.