எஞ்சிய சிறுநீரகத்தின் வரலாறு

கண்ணொன்று குருடாயின் மற்றைக்கண் பெருப்பதில்லை. சிறுநீரகமோ, தன் சோடி செயலிழந்தவிடத்துத் தான் பருத்து, அதன் பணியிற் பெரும்பகுதியையும் ஏற்றுக்கொள்ளுகின்றது. இவ்வுண்மை எளிதில் துணியப்பட்டதன்று.

இத்தாலியரான சம்பெக்காரி என்பார், ஒரு சிறுநீரகம் அகற்றப்பட்ட நாய் உயிர்வாழ்தலை 1680 இலேயே நூலில் எழுதினார். ஆயினும், மனிதர்மேற் கத்தியெடுக்கும் துணிவு பிறக்க இரு நூற்றாண்டுகள்வரை சென்றன. அல்லைப்பிட்டிக்கு வடக்கே, கடனீரேரிக்கு அப்பாலுள்ள மானிப்பாயில், சாமுவேல் பிஸ்க் கிறீன் மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்து வந்த காலம் அது. அவருடைய 'இரண வைத்தியம்' 1867 இல் வெளிவந்தது. இரண்டாண்டுகளின் பின், 1869 ஆகத்து 2 ஆந் திகதி, செர்மனியின் ஐடல்பேர்க்கு நகரிற் குஸ்தாவ் சீமோன் அத்துணிவைக் காட்டினார்.

மார்கரேத்தா கிளேப் என்னும் மாதுக்கு முன்னர் நிகழ்ந்த சத்திரசிகிச்சையொன்றிற் சிறுநீர்க்குழாய் ஊறுபட்டு, நீர் ஓயாது கசிந்தது. சீமோன் உடனே கத்தியைத் தொட்டாரல்லர். பல நாய்களில் ஒரு சிறுநீரகத்தை அகற்றிப் பார்த்து, எஞ்சியது போதுமெனத் தெளிந்த பின்னரே அவளுக்கு அதனைச் செய்தார். அவள் பிழைத்தாள். சீமோனின் பெருமை கைத்திறத்தினும் அந்தப் பொறுமையிலேயே உளது எனலாம்.

எஞ்சிய சிறுநீரகம் பருப்பது எவ்வாறு? ஒவ்வொன்றிலும் ஏறத்தாழப் பத்து இலட்சம் நெப்ரன்கள் உள. இவையே குருதியை வடிப்பன. ஒன்று அகற்றப்பட்டதும் மற்றையதனுட் பாயும் குருதி மிகுகின்றது, நெப்ரன்கள் பருக்கின்றன. புதியன தோன்றுவதில்லை. சில வாரங்களில், முன்பு இரண்டும் சேர்ந்து செய்த பணியில் நூற்றுக்கு 70 வரையை ஒன்றே செய்கின்றது. கல்லடைப்பால் ஒரு சிறுநீரகம் மெல்லக் கெடும்போதும் இவ்வாறே நிகழ்வதால், நோயாளி பலகாலம் ஒன்றும் அறியான். மற்றையதும் தாக்கப்படும்போதே இழப்புப் புலனாகும்.

நோயுற்ற உறுப்பை அகற்றுதல் ஒன்று; நலமுள்ளவனிடமிருந்து நல்ல உறுப்பையே எடுத்தல் வேறு. 1954 திசெம்பர் 23 இற் பொஸ்ரன் நகரில் யோசேப் மறே இரட்டையருள் ஒருவரான ரொனல்ட் ஹெரிக்கின் சிறுநீரகத்தை மற்றவரான றிச்சட்டுக்குப் பொருத்தினார். 1971 இல் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலும், 1985 இல் இலங்கையிலும் அம்முறை வெற்றி கண்டது. மறேக்கு 1990 இல் நோபெல் பரிசு கிடைத்தது. ஈந்தவரை நூல்கள் ஒரு வரியிற் கடந்துவிடுகின்றன. பெற்ற றிச்சட் எட்டாண்டுகள் வாழ்ந்து 1963 இல் இறந்தார். ஈந்த ரொனல்ட் 2010 வரை, 56 ஆண்டுகள் வாழ்ந்தார்.